அந்த 'ங்க'

காலை வெயில் பச்சைத் திரையில் பட்டு, பிரசவ அறையெங்கும் பாசி நிறம் கிடக்கிறது. "வலிச்சா கத்துங்க, பரவாயில்ல" என்கிறாள் நர்ஸ். கட்டிலில் கிடப்பவளை வலியைவிட அந்த 'ங்க'தான் உறுத்துகிறது. மூத்தவனைப் பெற்றபோது, "வாய மூடுடி" என்று இதே நர்ஸ்தான் தொடையில் பளாரென்று வைத்தாள். "எதையோ மறைக்கிறாங்கக்கா. பிள்ளைக்கு ஏதாவதா? இல்ல, பெரிய டாக்டர் யாராச்சும் ஒளிஞ்சு பாக்குறாங்களா?" என்று துணைக்கு நிற்கும் அக்காவிடம் கிசுகிசுக்கிறாள். அக்கா திரையை விலக்கிப் பார்க்கிறாள்; ஈரத் துடைப்பம் ஒன்றுதான் சாய்ந்து நிற்கிறது. கருவியில் சிசுவின் துடிப்பு குதிரைக் குளம்பாக ஓடுகிறது. "கேக்குதா? உங்க பிள்ளை நல்லா இருக்கு." விளக்கைத் திருப்ப நர்ஸ் கையைத் தூக்குகிறாள். கட்டிலில் தொடை தானாகச் சுருங்குகிறது. நர்ஸ் அதைப் பார்த்துவிடுகிறாள். விளக்கைத் தொடாமலே கை இறங்கி, தொடைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. "தொடலாமாங்க?" என்கிறாள். கை காத்திருக்கிறது.