நார்வேக்காரன் சாப்பாடு

“இன்னா சுலோச்சனா, இன்னிக்கும் காரமே இல்லாத அவிச்ச மீனா?”

உலகநாதன் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். மீனுக்குத் துணையாகப் பார்லிக் கஞ்சியும் பீட்ரூட் துண்டுகளும் இருந்தன.

“டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க. நார்வே பக்கம் இப்படித்தான் சாப்புடுவாங்களாம். குடல் புண்ணு ஆறிடுமாம்” என்றாள் மனைவி.

போன மாதம் இருவரும் ஒன்றாகத்தான் பரிசோதனை செய்துகொண்டார்கள். ரிப்போர்ட்டை வாங்கிவந்தவள் சுலோச்சனா. அன்றைக்கே அந்தக் கள்ளிக்குப்பம் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா பரண் ஏறிவிட்டது.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், இன்று தட்டைத் தள்ளிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனார்.

“டாக்டர், வாரத்துல ஒரு நாளாச்சும் வஞ்சிரக் குழம்பு துன்னலாமா?”

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “தாராளமா சாப்பிடுங்க. உங்க வயித்துல ஒரு கோளாறும் இல்லையே! அந்தச் சாப்பாடு உங்க மனைவிக்கு எழுதினது. வருஷக்கணக்கா காரம் தின்னு அவங்க குடல்தான் புண்ணாகிக் கிடக்கு.”

தனக்காக அல்லாமல் வேறு யாருக்காகவாவது தன் வீட்டில் அடுப்பு எரியும் என்று உலகநாதன் நினைத்ததே இல்லை. கொதித்துக்கொண்டு வீடு வந்தார்.

“நோவு உனக்குன்னா நீ துன்னு! எனக்குத் தனியா கொழம்பு வெச்சா இன்னா?”

சுலோச்சனா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“கல்யாணமான புதுசுல, வயித்து வலின்னு எனக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி வெச்சேன். சட்டியத் தூக்கித் தெருவுல கடாசிட்டு இன்னா சொன்னீங்க? ‘ஒரு ஊட்ல ரெண்டு சமையலா’ன்னீங்க. முப்பது வருசமா அத நான் மீறவே இல்லீங்க. கையக் கழுவிக்கினு வாங்க, மீனு ஆறுது.”