மொத்தக் கட்டம்

தேயிலை ஆலை அலுவலகத்தில் கைப்பிடி வைத்த பழைய கூட்டல் இயந்திரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு எக்செல் ஷீட்.

கணக்கர் பெள்ளிராஜ் கொழுந்து மூட்டைகளின் எடையை ஷீட்டில் ஏற்றுவார். அது அந்த நொடியே மொத்தம் சொல்லும். அவரோ எல்லாவற்றையும் இயந்திரத்தில் மறுபடி தட்டி, கைப்பிடியை இழுத்துச் சரிபார்ப்பார்.

"நீ எவ்வளவு வேகமா சொன்னாலும் தம்பி, நான் தலையாட்டினாத்தான் அவருக்கு நிம்மதி" என்று இயந்திரம் பெருமையடிக்கும்.

ஒரு நாள் அவர் ஒரே மூட்டையை இயந்திரத்தில் இரண்டு முறை தட்டிவிட்டார். மொத்தங்கள் ஒத்துப்போகவில்லை. பெள்ளிராஜ் யோசிக்கவே இல்லை. ஷீட்டின் மொத்தக் கட்டத்தில் தானாகக் கூட்டிக்கொண்டிருந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு, இயந்திரம் சொன்ன எண்ணை அங்கே அடித்துவைத்தார். இயந்திரத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் புது எடைகள் ஏறின. மொத்தம் மட்டும் இம்மியும் நகரவில்லை.

"நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொல்றே. கூட்டவே மறந்துட்டியா?" என்று இயந்திரம் இளக்காரமாகக் கேட்டது.

"நான் நேத்தே கூட்டுறதை நிறுத்திட்டேன் அண்ணே" என்றது ஷீட். "அந்தக் கட்டத்துல உட்கார்ந்திருக்கிறது உங்க விடை."

பெள்ளிராஜ் ஷீட்டை முறைத்துவிட்டு, சரிபார்க்கக் கைப்பிடியைப் பிடித்தார்.