சும்மா இருப்பேன்

"அங்க போய் என்ன செய்வீங்கன்னு ஆபீசர் கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். மக வீட்ல ரெண்டு கதவு சரியா மூடலை, அடுப்படிக்கு ஒரு அலமாரி செய்யணும், ரெண்டு வாரத்துக்கு வேலை இருக்குன்னு."

"வேலைன்னா சொன்னீங்க?"

"உளி, இழைப்புளி எல்லாம் கொண்டு போகலாமான்னும் கேட்டேன். அதுக்குத்தான் அந்த ஆளு பதிலே சொல்லலை."

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே விசா அலுவலகத்தின் வாசலில் நடந்த பேச்சு அது. கேட்டவள் மனைவி, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சொன்னவர் தச்சர். சுற்றுலா விசா கேட்கப் போய், வேலை செய்யப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பத்து நாளில் இரண்டு பாஸ்போர்ட்டும் உறையில் திரும்பி வந்தன.

பிரித்துப் பார்த்தவள் அவள்தான். அவருடைய கடிதத்தை மட்டும் வாசித்துக் காட்டினாள். அங்கே வேலை பார்க்கும் எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது, அதனால் மறுக்கிறோம்.

"என் வாயால உனக்கும் போச்சு" என்று அன்று முழுவதும் புலம்பினார். அவள் இரண்டு பாஸ்போர்ட்டையும் கோப்பில் வைத்து மூடினாள்.

இன்று மறுபடியும் விண்ணப்பம். டோக்கன் எண் அறுபத்து மூன்று.

முதலில் உங்களுக்குப் போடுவோம், கிடைத்தால் எனக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். காகித விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மூன்று வாரமாக வீட்டில் ஒத்திகை. இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் அவள் அதிகாரியாக நிற்பாள். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்பாள்.

"சும்மா இருப்பேன்."

"அதை ஏங்க திருடிட்டு வந்தவர் மாதிரி சொல்றீங்க?"

பாவம், வாயில் வரவில்லை. பதினைந்து வயதில் உளி பிடித்தவர். கல்யாணத்துக்கு மறுநாளே, பள்ளி திறப்பதற்குள் நாற்பது பெஞ்சு முடிக்க வேண்டும் என்று ஓடியவர். எங்கேயும் போய்வரவில்லையா என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வேலை முடியட்டும் என்பார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கும். முப்பத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு ஊர் சுற்றுவதில் ஆசையில்லை என்று அவராக நினைத்துக்கொண்டார்.

இப்போது காத்திருக்கும் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு கால் ஆடியது. குனிந்து அடியில் பார்த்தார்.

"எழுந்திருங்க. அது அவங்க நாற்காலி" என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, நகல் எடுக்கப் போனாள்.

ஐந்து நிமிடம்கூட அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மடியிலிருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். எல்லாக் கட்டங்களும் அவளுடைய மணிமணியான எழுத்தில் நிரம்பியிருந்தன. ஒன்றே ஒன்று காலி. மனைவியின் பாஸ்போர்ட் எண்.

அட, இதையாவது நாம் எழுதிவைப்போம் என்று பேனாவை எடுத்தார். கோப்பிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டை உருவினார்.

அது அவர் தேடிய பக்கத்தில் திறக்கவில்லை. பலமுறை திறந்து பழகிய இடத்தில் தானாக விரிந்தது.

பக்கம் நிறைய ஒட்டியிருந்தது விசா. அதில் சிரிக்காத முகத்தோடு அவள்.

தேதியைப் பார்த்தார். அவருக்கு மறுப்புக் கடிதம் எழுதிய அதே நாள். செல்லுபடியாகும் காலம், ஒரு வருடம்.

விரல்விட்டு எண்ணினார். ஆறு மாதம் போய்விட்டது. அன்று குப்புற விழக்கூடத் தெரியாத பேத்தி, இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாவற்றையும் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். "உனக்கு மட்டுமாவது கிடைச்சிருக்கலாம்மா" என்று ஞாயிறுதோறும் மகள் சொல்வாள். உடனே மனைவி கைப்பேசியை இவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்துபோவாள்.

அடுப்பில் ஒன்றும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நகல்களோடு திரும்பி வந்தவள், அவர் மடியில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். பறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேத்தி தவழ்ந்ததை நேர்ல பார்த்திருக்கலாமேம்மா" என்றார். "தனியாப் போகப் பயமா இருந்துச்சா?"

"பயமா? உங்க ஃபாரத்தையே நான்தானே பூர்த்தி பண்றேன்."

"பின்ன ஏன்?"

சுவரில் இருந்த திரையில் அறுபத்திரண்டு என்று மாறியது. யாரோ ஒருவர் அவசரமாக எழுந்து போனார்.

அவள் பாஸ்போர்ட்டை மூடி வைத்தாள். அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தட்டிவிட்டாள். தூள் போன பிறகும் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், காலரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கேயாவது, ஒரே ஒரு தடவை, என்னோட வாங்களேன்."