அக்கரைக்குப் போன மருமகன்

விடுமுறைக்குப் போன காட்டில், ஜிப்லைன் புறப்படும் மரத்தட்டில் நான், என் மனைவி, மகள், மருமகன், கொக்கி மாட்டிவிடும் வழிகாட்டி ஆகியோர் இருந்தோம். வேறு யாரும் இல்லை.

மருமகன் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

“நம்ம குடும்பத்துல யாரும் பாதியில திரும்பினதில்ல, மாப்ள,” என்றேன்.

“அவரை விடுங்களேன்ப்பா,” என்றாள் மகள்.

வழிகாட்டி தள்ளிவிட்டார். மருமகன் கம்பியில் சறுக்கிப் பள்ளத்தாக்கைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்தார். “வந்துட்டாரு, கொக்கியைக் கழட்டியாச்சு,” என்று அக்கரையிலிருந்து வாக்கிடாக்கியில் சொன்னார்கள்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஏணியில் மருமகன் ஏறி வந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. “மன்னிச்சுடுங்க மாமா. பயத்துல இவ்வளவு நேரம் கீழயே உக்காந்துட்டேன்.”

மகள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

“உன் புருஷன் அந்தப் பக்கம் காத்திருக்காரும்மா,” என்றேன். அவளுக்குக் கொக்கி மாட்டச் சொன்னேன்.

அக்கரையில் அவர் வியர்க்காத சட்டையுடன் சிரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் வீடு திரும்பினோம். மகள் மட்டும் இன்னும் நடக்கும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

எங்கள் மருமகன் பயந்து பின்வாங்கினார் என்று உறவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பயந்தவரை நாங்கள் அழைத்து வரவில்லை.