முட்டிவலி

"அய்யய்யோ, முட்டி போச்சு" என்று லைட்ஹவுஸ் படியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார் அம்பலவாணன்.

குறுகலான படி. ஒருவர் உட்கார்ந்தால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். அவருக்கு அடுத்து வந்த பங்கஜவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது மூணாவது தடவை" என்றார் மேலே போய்க்கொண்டிருந்த ஹெட்கிளார்க் தெட்சிணாமூர்த்தி. "மலைக்கு வந்து என்னய்யா பண்ணப் போற?"

காரைக்கால் ஆபீஸில் ஆறு பேர் சேர்ந்து போட்ட திட்டம். கொல்லிமலைப் பக்கம் ஒரு காட்டருவி. வேனில் அடிவாரம் வரை போய், காட்டுக்குள் ஏறி நடந்து, அருவியில் குளித்துவிட்டு சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். நடப்பதற்கு யாரும் பயப்படவில்லை. ஏறுவதுதான் வம்பு. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று பெயரில் இருக்கிற மேடு ஊரில் கிடையாது. அதனால் தெட்சிணாமூர்த்தி யாரையோ பிடித்து லைட்ஹவுசில் ஏற அனுமதி வாங்கியிருந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பழக வேண்டும். ஏற முடியாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

இது நாலாவது ஞாயிறு.

"சாருக்கு அருவி எதுக்கு?" என்றாள் பங்கஜவல்லி. "வீட்டுல குழாயத் தொறந்துவிட்டு அடியில உக்காந்தா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்பலவாணனும் சிரித்தார். பங்கஜவல்லி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். சிரிக்கிற சாக்கில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி வந்தால் மூன்று நாள் படுத்துவிடுவாள். லீவு லெட்டரில் மட்டும் 'ஜுரம்' என்று எழுதுவாள்.

அவள் வீட்டு அடுப்படியில் 1976-ஆம் வருஷத்துக் காலண்டர் இன்னும் தொங்குகிறது. தேதித் தாள்கள் போய் அஞ்சு வருஷமாயிற்று. படத்துக்காக வைத்திருக்கிறாள். பாறை உச்சியிலிருந்து வெள்ளையாக விழுகிற அருவி. மேட்டூரில் புறப்பட்ட தண்ணீர் காரைக்காலுக்கு வரும்போது களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டுதான் வரும். நாற்பத்திரண்டு வயதில் தண்ணீர் எழுந்து நின்றுகூட அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை அது தலையில் விழ வேண்டும். அதற்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்று இருந்தது அவளுக்கு.

ஒருவழியாக உச்சிக்கு வந்தார்கள். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். பங்கஜவல்லி மேற்கே பார்த்தாள், மலை எங்கேயாவது தெரிகிறதா என்று. வயலும் தென்னையும்தான் தெரிந்தன. அதனால் என்ன. அடுத்த ஞாயிறு இந்நேரம் நனைந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் தெட்சிணாமூர்த்தி பட்டியலை எடுத்தார்.

"அம்பலவாணன், தப்பா நினைக்காத. காட்டுல உன்னை யாரு தூக்குறது? நீ இந்தத் தடவை வேணாம்."

"சரிங்க" என்றார் அம்பலவாணன்.

"நாலு வாரமும் அவன் பின்னாலேயே ஏறினவங்க, நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பங்கஜவல்லி பட்டியலைப் பார்த்தாள். 'அவர் உட்காரும்போதெல்லாம் நானும்தான் மூச்சு வாங்கினேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் பெயருக்கும் கோடு விழும்.

"பாவம், முட்டிவலியோட அவருக்கு எதுக்கு அலைச்சல்" என்றாள்.

அடுத்தவர் மேல் இரக்கப்படுவது போல இருந்ததால் அவளுக்கே அது நல்ல பேச்சாகத்தான் தெரிந்தது. தெட்சிணாமூர்த்தி பேனாவைத் திறந்து ஒரு பெயரை அடித்தார்.

லைட்ஹவுஸ் காவலாளி கதவைப் பூட்ட வந்தபோதுதான் கூட ஏறிய கமர் நிஷா கேட்டாள், "அக்கா, உங்க குடை எங்க?"

மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை அத்தனை படியுமா? பங்கஜவல்லிக்கு நினைக்கும்போதே நெஞ்சு அடைத்தது.

"நீங்க இருங்க. ஒரு நிமிஷம்" என்று உள்ளே போய்விட்டார் அம்பலவாணன்.

தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. கோபுரத்துக்குள் எந்தச் சத்தமும் நன்றாக எதிரொலிக்கும். இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. சத்தம் எங்கேயும் நிற்கவில்லை. மேலே போய், அதே வேகத்தில் திரும்பி வந்தது.

குடையோடு வந்து நின்றார். நெற்றியில் கொஞ்சம் வியர்வை. மூச்சு சீராக இருந்தது.

பங்கஜவல்லிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாலு வாரமும் அவர் எப்போதெல்லாம் உட்கார்ந்தார் என்று யோசித்தாள். ஒவ்வொரு தடவையும், இனி ஒரு படிகூட முடியாது என்று அவள் நினைத்த நேரம் அது.

"சார்" என்றாள் தெட்சிணாமூர்த்தியிடம். "அவர் பேர மறுபடி எழுதுங்க. என் பேர அடிங்க. எனக்கு இழுப்பு இருக்கு. உக்காந்து உக்காந்து ஏற வேண்டிய ஆளு நான்தான்."

பதினெட்டு வருஷ ஆபீஸ் வேலையில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

தெட்சிணாமூர்த்தி அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "அப்ப நாலு வாரமா முட்டி முட்டின்னியே, அது என்னய்யா?"

அம்பலவாணன் குடையை நீட்டியபடி தலையைச் சொறிந்தார். "எங்க அம்மாவுக்கும் இழுப்புங்க. அந்த மூச்சு பின்னாலேருந்து கேட்டா எனக்கு முட்டி தானா மடங்கிடும்."

தெட்சிணாமூர்த்தி மறுபடி பேனாவைத் திறந்தார். அடித்த பெயரைத் திரும்ப எழுதினார். வேறு எந்தப் பெயரையும் அடிக்காமல் பேனாவை மூடினார்.

"காட்டுப் பாதையிலயும் மடங்குமா?"

"நல்லாவே மடங்குங்க."