புனலுக்கு ஏழு வரி

பொருளின் உருவத்திலேயே கவிதை எழுதுவது புதுக்கவிதைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று பலர் நம்புகிறார்கள். மிகுந்த மனவருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. தேர், பாம்பு, தாமரை என்று புலவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததுதான். அதை அட்டைப்பெட்டியில் ஒட்டியவர் மட்டும் எங்கள் கிடங்குக்காரம்மா.

"என்னம்மா இது?" என்றார் புது மேலாளர்.

ஊருக்கெல்லாம் வாய்திறப்பேன்
உள்வாங்கிச் சுருங்கி
ஒழுங்காய்
ஊற்றி
டு
வே
ன்

"புனல் சார்."

"புனல்னு எழுதினா போதாதா?"

"சப்புனு இருக்கும் சார்."

எல்லாம் ஒரே அளவுப் பெட்டிகள். அடுத்ததில் கத்தரிக்கோல் காலை விரித்துக்கொண்டு வெண்பா பாடியது.

பொட்டலம் கட்டும் பெண்கள் சிரித்தார்கள். "லீவு லெட்டரையே தலைவலி மாத்திரை மாதிரி வட்டமா எழுதுவாங்க சார்!"

"நாளையிலேருந்து அச்சடிச்ச லேபிள்தான். இன்னொரு கவிதையைப் பார்த்தேன், கிடங்குக்கு வேற ஆள் பார்த்துக்குவேன்."

மறுநாள் லேபிள்கள் ஏறின. பதினோரு மணிக்கு மேலாளர் புனல் கேட்டார். பெட்டி தூக்கும் யானையண்ணன் சுத்தியல் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பினால் கத்தரிக்கோல் வந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று மேலாளர் எகிறினார்.

கிடங்குக்காரம்மா குறுக்கே பாய்ந்தார். "அண்ணனைத் திட்டாதீங்க சார். நான்தான் லேபிளை மாத்தி ஒட்டிட்டேன்."

மேலாளர் போய்ப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் ஒட்டியிருந்தது. அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அவருக்குப் படிக்கத் தெரியாதா?"

அம்மா மின்விசிறியைப் பார்த்தார். "பதினெட்டு வருஷத்துல ஒரு பெட்டி மாறினதில்லை சார்."

"அதுக்குப் படம் வரைஞ்சு ஒட்டியிருக்கலாமே?"

"படம் ஒட்டினா, இது யாருக்குன்னு கேப்பாங்க சார். கவிதை ஒட்டினா, எனக்குத்தான் கிறுக்குன்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

சாயங்காலத்துக்குள் கவிதைகளெல்லாம் பெட்டிகளுக்குத் திரும்பின.

அடுத்த வாரம் புதிதாக வாளிகள் வந்தன. அந்தப் பெட்டியில் மேலாளரின் கையெழுத்தில் நான்கு வரி, மேலே வளைவாக ஒரு கைப்பிடியோடு. இரண்டு இடத்தில் தளை தட்டியது. யானையண்ணன் முதல் தடவையே சரியாக எடுத்துவந்தார்.