அப்பா தூங்கிய பிறகு

திங்கட்கிழமைகளில் அடுப்பு மூட்டும் முறை பேக்கரி மாஸ்டருடையது. அதிகாலை மூன்று மணிக்கே எழ வேண்டும். அவருக்கோ பதினொன்றுக்கு முன்னால் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் ஞாயிறு மட்டும், டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் படுத்துவிடுவார்.

அவர் எழுந்து பார்க்கும்போது பாத்திரக் கூடையில் மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருக்கும். வீட்டில் இருப்பது அவரும் மனைவியும்தான்.

மகள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் தூங்கிய பிறகுதான் சாப்பிட வருவாள். வீம்பில் அவரும் சளைத்தவரில்லை, வலியப் போய்ப் பேசவில்லை.

ஒரு ஞாயிறு, மாத்திரை போடாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தார். யாரும் வரவில்லை. காலையில் இரண்டே தட்டுகள். மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன.

"வந்தா என்ன கேப்பா?" என்றார்.

"அப்பா தூங்கிட்டாரான்னு கேப்பா. அப்புறம்தான் தட்டுல கை வைப்பா."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்க மாட்டா."

"எவ்வளவு நேரம் இருப்பா?"

"பத்து மணிக்குக் கிளம்பிடுவா. பேசி முடிக்கிறதுக்குள்ள நேரம் ஓடிடுது."

அடுத்த ஞாயிறு அவர் ஆறு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. சமையலறையில் மனைவி அவசரமாக எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சொருகும் நேரத்தில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வாசலுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"நான் தூங்கிட்டேம்மா."